வீடு என்றார்கள், பந்தலும் போட்டார்கள்: ஷோல் க்ரீக், 1990

எல்லாம் 1,500 டாலரில் தொடங்கியது. 1990-ஆம் ஆண்டு கோடை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகர மன்றத்தின் முன்னால் ஒரு சில்லறைச் செலவு வருகிறது. ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில் நடக்கப்போகும் பிஜிஏ சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டிக்கு மலர் போடுகிறார்கள். அதில் நகரத்தின் பெயரால் ஒரு விளம்பரம். கும்பாபிஷேக மலரில் ஜவுளிக்கடைக்காரர் கொடுக்கிற மாதிரி ஒன்று. யாரும் நிமிர்ந்து பார்க்காமல் கை தூக்கிவிட்டுப் போகக்கூடிய தொகை. உறுப்பினர் வில்லியம் பெல் நிமிர்ந்து பார்த்தார். போட்டி நடக்கும் ஷோல் க்ரீக் கிளப்பில் கறுப்பர் ஒருவர்கூட உறுப்பினர் கிடையாது. பாதிக்கு மேல் கறுப்பர்கள் வாழும் நகரத்தின் வரிப்பணம் அங்கே எதற்குப் போகவேண்டும் என்று கேட்டார்.

இது நீதிமன்றம் ஏறிய வழக்கு இல்லை. ஏறியிருந்தால் கிளப்தான் ஜெயித்திருக்கும். சட்டம் எட்டாத ஒரு கதவு, சில வார இடைவெளியில் எப்படித் திறந்தது, எவ்வளவு தூரம் திறந்தது என்பதுதான் இங்கே பார்க்கவேண்டிய விஷயம்.

ஷோல் க்ரீக் என்பது ஊரா கிளப்பா என்று கேட்டால் இரண்டும்தான். பர்மிங்ஹாமுக்குத் தென்கிழக்கே, ஷெல்பி மாவட்டத்தில், ஓக் மவுண்டன், டபுள் ஓக் மவுண்டன் என்ற இரண்டு மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு. நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது. காவலாளி நிற்கும் வாசலைத் தாண்டினால் பைன் மரங்களுக்கு நடுவே பெரிய வீடுகள், அவற்றின் நடுவே மைதானம். கட்டியவர் ஹால் தாம்ப்சன். கேட்டர்பில்லர் மண் வாரும் இயந்திரங்களை விற்கும் நிறுவனத்தின் முதலாளி. அப்படிப்பட்டவர் காட்டைத் திருத்தி கோல்ஃப் மைதானம் போட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜாக் நிக்லஸை வைத்து வடிவமைத்து 1977-இல் திறந்தார். பெரிய போட்டிகளை இங்கே கொண்டுவரவேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே அவருடைய ஆசை. இந்த ஆசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பர்மிங்ஹாம்காரர்கள் 'மலைக்கு அந்தப் பக்கம்' என்று சொல்வார்கள். நகரத்தின் தெற்கு எல்லைபோலப் படுத்திருக்கும் ரெட் மவுண்டனைத் தாண்டிய வெள்ளையர் புறநகர்களுக்கு அதுதான் பெயர். எஃகு ஆலைகளின் புகை, கறுப்பர் குடியிருப்புகள் எல்லாம் இந்தப் பக்கம். பணமும் நிழலும் அந்தப் பக்கம். ஷோல் க்ரீக் அந்தப் பக்கத்துக்கும் அப்பால். (வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்த வழக்கைப் போட்டதும் இதே ஷெல்பி மாவட்டம்தான். கோல்ஃபுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் மாவட்டத்தின் குணம் தெரிந்துகொள்ள உதவும்.)

கோல்ஃபும் நிறமும் இந்த ஊரில் மோதிக்கொண்டது 1990-இல்தான் முதல்முறை என்று நினைத்தால் தவறு. நகராட்சி கோல்ஃப் மைதானங்களில் கறுப்பர்களைத் தடுக்கக்கூடாது என்று அட்லாண்டா நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961-இல் பர்மிங்ஹாமின் பூங்காக்களையும் பொதுவாக்கச் சொல்லி கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 1962 ஜனவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களை மொத்தமாக இழுத்து மூடியது. நீச்சல் குளங்கள் போயின, நகராட்சியின் 4 கோல்ஃப் மைதானங்களும் போயின. கறுப்பரோடு சேர்ந்து ஆடுவதற்குப் பதில் யாருமே ஆடாமல் இருந்துவிடலாம் என்ற முடிவு. பொது மைதானத்துக்குள் சட்டம் நுழைந்துவிட்டது என்றானபின், வசதியுள்ளவர்களுக்கு அந்தரங்கமான மைதானம் ஒன்று தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அந்த அந்தரங்கத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. உணவகத்திலும் விடுதியிலும் நிற பேதத்தைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம், பொதுமக்களுக்குத் திறந்திராத தனியார் கிளப்புகளை வெளியே விட்டுவிட்டது. 1976-இல் வரிச்சட்டம் ஒரு முடிச்சுப் போட்டது: விதிமுறையில் இன பேதத்தை எழுதி வைத்திருக்கும் கிளப்புக்கு வரிவிலக்கு கிடையாது. எழுதி வைத்திருந்தால்தானே? தெற்கத்திய கிளப்புகளில் இதையெல்லாம் யார் எழுதினார்கள். உறுப்பினராக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒருவர் உங்களை முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும். முன்மொழிய ஆள் இல்லாவிட்டால் விண்ணப்பமே இல்லை. விண்ணப்பம் இல்லாவிட்டால் நிராகரிப்பும் இல்லை. யாரையும் மறுக்காமலே எல்லோரையும் வெளியே வைக்கும் ஏற்பாடு. நியூயார்க் நகரம் இதை உடைக்கப் பார்த்தது. 400-க்கு மேல் உறுப்பினர், தவறாமல் சாப்பாடு, வெளியாரிடமிருந்தும் வரும்படி என்று இருக்கிற கிளப்பைத் தனியார் என்று ஏற்கமுடியாது என சட்டம் போட, 1988-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அலபாமாவில் அப்படி எதுவும் கிடையாது.

கறுப்பர்கள் இத்தகைய கிளப்புகளுக்குள் கால் வைக்கவே முடியாது என்றும் இல்லை. சமையலறையில் இருந்தார்கள், மேசை துடைத்தார்கள், புல் வெட்டினார்கள், கேடியாகப் பை சுமந்தார்கள். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் ஆகஸ்டா நேஷனலில் 1982 வரை மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் ஆட வருகிறவர்கள் கிளப்பின் சொந்த கேடிகளைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த கேடிகள் எல்லோரும் கறுப்பர்கள். எந்த மேட்டில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. உறுப்பினர் பட்டியல்தான் அவர்களுக்கு எட்டாத இடம்.

என்னை இந்த விவகாரத்தில் அதிகம் உறுத்துவது 1990 இல்லை, 1984. அந்த வருடமும் இதே மைதானத்தில் இதே பிஜிஏ சாம்பியன்ஷிப் நடந்தது. ஜெயித்தவர் லீ ட்ரெவினோ: டெக்சாஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து கேடியாக வேலை பார்த்து மேலே வந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர், அப்போது வயது 44. நான்கு நாளும் எழுபது அடிக்குள் முடித்தார்: 69, 68, 67, 69. (கோல்ஃபில் குறைவாக அடித்து முடிப்பவர்தான் ஜெயிப்பார்.) நான்காவது இடத்தில் வந்தவர் கால்வின் பீட். கறுப்பர். சின்ன வயதில் உடைந்த இடது முழங்கையை நேராக நீட்டவே முடியாதவர். அந்தக் கையோடு அமெரிக்காவின் மிகத் துல்லியமான ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர். நான்கு நாள் இந்தப் புல்லின்மேல் நடந்து, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் மூன்று பேர் தவிர மற்ற எல்லோரையும் முந்தினார். அந்த பீட் இங்கே உறுப்பினராக முடியுமா என்ற கேள்வி 1984-இல் ஒரு விவகாரமாக எழவில்லை. தொலைக்காட்சி காட்டியது, விளம்பரதாரர் பணம் கொடுத்தார், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஆறு வருடத்தில் கிளப் மாறவில்லை. நகரத்திடம் ரசீது நீட்டினார்கள் என்பதுதான் வித்தியாசம். 1979-லிருந்து பர்மிங்ஹாமின் மேயர் ரிச்சர்ட் ஆரிங்டன், அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர். மன்றத்தில் கறுப்பர்கள் இருந்தார்கள். பணம் கேட்டு வருகிறவரிடம் கேள்வி கேட்கும் நாற்காலியில் இப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மன்றத்தில் எழுந்த பேச்சு 'பர்மிங்ஹாம் போஸ்ட்-ஹெரால்ட்' நாளிதழுக்குப் போனது. செய்தியாளர் ஜோன் மஸோலினி நகரத்தைச் சுற்றியிருக்கும் தனியார் கிளப்புகளில் யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். தாம்ப்சனிடமும் பேசினார். ஜூன் மூன்றாம் வாரத்தில் பேட்டி வெளிவந்தது.

தாம்ப்சன் ஒளித்து மறைத்துப் பேசவில்லை. கிளப் எங்கள் வீடு, யார் வேண்டும் என்று நாங்கள்தான் பொறுக்கி எடுப்போம் என்றார். எங்களிடம் யூதர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், லெபனான்காரர், இத்தாலிக்காரர் இருக்கிறார்கள் என்று அடுக்கினார். கறுப்பர்கள் விஷயம் தவிர மற்ற எதிலும் நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். உறுப்பினர்கள் கறுப்பு விருந்தாளியை அழைத்து வருவார்களா என்ற கேள்விக்கு, பர்மிங்ஹாமில் அது வழக்கமில்லை என்றார்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெறுப்போடு பேசியவரின் வாக்கியம் இல்லை அது. தன் தாராள மனசைக் கணக்குக் காட்டுகிறவரின் வாக்கியம். 'தவிர' என்ற சொல்லை அவர் தயங்காமல் போட்டதற்குக் காரணம், அவர் பழகிய வட்டத்தில் அந்தச் சொல்லை யாரும் நிறுத்திக் கேட்டதே இல்லை என்பதுதான். எல்லோருக்கும் தெரிந்ததை அவர் அச்சில் ஏறும்படி சொன்னார். வரிச்சட்டம் தேடிக்கொண்டிருந்த எழுதாத விதி ஒரு நாளிதழில் எழுத்தாக வந்துவிட்டது. பின்னால் மன்னிப்புக் கேட்டார், சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அதற்குள் செய்தி நாடு முழுக்கப் போய்விட்டது.

கிளப்புக்கு உறுப்பினர் சந்தா போதும், வெளியார் பணம் வேண்டாம். அந்த அளவில் யாராலும் அதைத் தொடமுடியாது. ஆனால் சாம்பியன்ஷிப் கிளப்பின் வருமானத்தில் நடப்பதில்லை. ஏபிசி, இஎஸ்பிஎன் ஒளிபரப்பவேண்டும். ஒளிபரப்பின் நடுவே கார், கணினி, பீர் விளம்பரம் ஓடவேண்டும். மார்ட்டின் லூதர் கிங் தொடங்கிய தெற்கத்திய கிறிஸ்துவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு, ஜோசப் லோவரியின் தலைமையில், வாசலில் மறியல் செய்வோம் என்று அறிவித்தது. மறியல் பதாகைக்கும் கார் விளம்பரத்துக்கும் ஒரே திரையில் இடம் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் விருப்பமில்லை. ஐபிஎம் விலகியது. டொயோட்டா, ஹோண்டா, அன்ஹைசர்-புஷ் என்று வரிசையாக விலகின. விலகிய விளம்பரத்தின் மதிப்பு 20 லட்சம் டாலரைத் தாண்டியது. மனசாட்சி உறுத்தி விலகினார்களா, கறுப்பர்களும் கார் வாங்குகிறார்கள் என்பதால் விலகினார்களா? இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு. 1984-இல் இந்த உறுத்தல் எதுவும் தெரியவில்லையே.

போட்டியை நடத்துவது கிளப் இல்லை, அமெரிக்க பிஜிஏ என்ற தொழில்முறை கோல்ஃபர்களின் சங்கம். அதற்கும் பழைய கடன் ஒன்று உண்டு. தன் உறுப்பினர் வெள்ளை இனத்தவராக இருக்கவேண்டும் என்ற விதியை 1961 நவம்பர் வரை எழுத்திலேயே வைத்திருந்த சங்கம் அது. கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மாஸ்க் நெருக்கியதால், லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவேண்டிய 1962 சாம்பியன்ஷிப்பைத் தூக்கிக்கொண்டு பென்சில்வேனியாவின் அரோனிமிங்க் கிளப்புக்குப் போனார்கள். அந்தக் கிளப்பின் பெயரும் மறுபடி வரும்.

ஜூலை முழுக்கப் பேச்சுவார்த்தை. ஆரிங்டனுக்கு இது தர்மசங்கடம். 1963-இல் சிறுவர்கள்மேல் நாயை ஏவிய ஊர், தண்ணீர் பீய்ச்சிய ஊர், தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற ஊர் என்ற பெயரைக் கழுவத்தான் அவர் பத்து வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். இப்போது உலகத்தின் கேமராக்கள் திரும்ப வருகின்றன, அதே விஷயத்துக்காக. போட்டியை வேறு ஊருக்குத் துரத்துவது அவருக்கு வெற்றி ஆகாது.

ஜூலை 31 அன்று, போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கையில், உடன்பாடு வந்தது. லூயிஸ் வில்லி என்ற 66 வயதுக் கறுப்பினத் தொழிலதிபரை கிளப் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்; சேர்க்கைக் கட்டணமான 35,000 டாலர் அவருக்குத் தள்ளுபடி. இன்னொரு கறுப்பரின் முழு உறுப்பினர் விண்ணப்பத்தையும் துரிதப்படுத்துவார்கள். மறியல் வாபஸ்.

வில்லி புக்கர் டி. வாஷிங்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர். அதை நிறுவியவர் ஏ. ஜி. காஸ்டன், வெள்ளையர் கம்பெனிகள் தீண்டாத மக்களுக்கு ஈமச்சடங்குக் காப்பீடு விற்றுக் கோடீஸ்வரரானவர். 1963 போராட்டத்தின்போது கிங் தங்கியிருந்ததும் திட்டம் தீட்டியதும் காஸ்டனின் விடுதியில்தான். அந்த மே மாதம் அங்கேயும் குண்டு வெடித்தது. அந்த நிறுவனத்திலிருந்து வந்தவரைத்தான் ஷோல் க்ரீக் 'கௌரவ' உறுப்பினர் என்றது. கட்டணம் வேண்டாம் என்பது மரியாதையா? விருந்துக்கு அழைத்தவரிடம் காசு வாங்காமல் இருப்பது மரியாதை. வீட்டில் பங்கு கேட்டு வந்தவரிடம் காசு வேண்டாம் என்றால், நீ இன்னும் விருந்தாளிதான் என்று சொல்வதாகவும் கொள்ளலாம். அப்போதே பலர் இதை ஒப்புக்குச் சப்பாணி வேலை என்றார்கள். வில்லி ஏற்றுக்கொண்டார். முதல் ஆளாக உள்ளே போகிறவர் எப்போதும் கேலிக்கும் ஆளாகித்தான் போகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

போட்டி நடந்தது, ஆகஸ்ட் 9 முதல் 12 வரை. ஒட்ட வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயை விட்டுப் பந்து விலகினால் ஓரத்து பெர்முடா புல் விழுங்கிவிட்டது என்று ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் வெய்ன் கிரேடி மூன்று அடி குறைவாக அடித்து ஃப்ரெட் கப்பிள்ஸை வென்றார். அவர்கள் இருவரையும் மூன்றாவதாக வந்த கில் மார்கனையும் தவிர வேறு யாரும் பாருக்கு, அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்குக்கு, கீழே முடிக்கவில்லை. 1990 பிஜிஏ என்றால் கிரேடியின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு, பாவம்.

தாம்ப்சனின் தவறு எங்கே என்று கேட்டால், வீடு என்று சொன்னதில் இல்லை. வீடு என்று சொல்லிக்கொண்டே வாசலில் பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டு, ஊர்ப் பணத்தில் விளம்பரமும் கேட்டதில். பந்தலுக்குள் நிற்கும்போது வீட்டு நியாயம் செல்லாது. இதை அடுத்த சில மாதங்களில் கோல்ஃப் அமைப்புகள் விதியாகவே எழுதின: அமெரிக்க பிஜிஏ, தொழில்முறைத் தொடர் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர், அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ மூன்றும், எங்கள் போட்டியை நடத்தும் கிளப் பாகுபாடு காட்டக்கூடாது என்றன. அதாவது, பந்தல் வேண்டுமானால் கதவைத் திற.

சிலர் திறந்தார்கள். ஆகஸ்டா நேஷனல் யாரும் தட்டுவதற்குள் முந்திக்கொண்டு, செப்டம்பரிலேயே தொலைக்காட்சி நிர்வாகி ரான் டவுன்சென்டைச் சேர்த்தது. ஷோல் க்ரீக்கும் அதன்பின் பல போட்டிகளை நடத்தியது. வேறு சிலர் பந்தலைப் பிரித்தார்கள். கலிஃபோர்னியாவின் கடலோரத்தில் இருக்கும் சைப்ரஸ் பாயிண்ட், பெபிள் பீச் போட்டியில் பல பத்தாண்டு வகித்த இடத்தை விட்டுக்கொடுத்தது. சிகாகோவின் பட்லர் நேஷனலில் வெஸ்டர்ன் ஓப்பன் நடந்தது அதே 1990-உடன் முடிந்தது. அரோனிமிங்க் 1993 சாம்பியன்ஷிப்பை நடத்த ஒப்புக்கொண்டிருந்தது. கறுப்பர் ஒருவரை அதற்குள் சேர்க்க முடியாது, காத்திருப்போர் வரிசை நீளம் என்று சொல்லி விலகியது. 1962-இல் நிற பேதத்தால் கலிஃபோர்னியாவில் இடமில்லாமல் போன போட்டிக்குப் புகலிடம் தந்த கிளப், முப்பது வருடம் கழித்து அதே காரணத்தால் அதே போட்டியைக் கைவிட்டது. கதவை மூடியே வைக்க விரும்புகிறவரிடம் எந்த விளம்பரதாரரும் விலகிக்காட்ட முடியாது. ஷோல் க்ரீக் முறை எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்: ஆசை இருந்த இடத்தில்தான் பிடி கிடைத்தது.

நிறத்தோடு மட்டும் நிற்கவில்லை. அந்த நவம்பரில் டாம் வாட்சன், தான் சிறுவயதிலிருந்து ஆடிய கன்சாஸ் சிட்டி கன்ட்ரி கிளப்பிலிருந்து விலகினார். வரிக்கணக்குத் தொழிலில் நாடறிந்த ஹென்றி ப்ளாக்கை, யூதர் என்பதற்காக, உறுப்பினராக்க மறுத்திருந்தார்கள். வாட்சனின் மனைவியும் குழந்தைகளும் யூதர்கள். எட்டு பெரிய பட்டங்களை வென்றவர் வெளியே போனதும் கிளப் ப்ளாக்கை உள்ளே கூப்பிட்டது. பெண்களுக்கு ஆகஸ்டா கதவைத் திறக்க 2012 ஆகஸ்ட் ஆயிற்று. முதல் இருவரில் ஒருவர் கொண்டலீசா ரைஸ், பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963 செப்டம்பர் ஞாயிறு காலை குண்டில் இறந்த டெனிஸ் மெக்நேர் அவருடைய சிறுவயதுத் தோழி.

ரைஸ் ஷோல் க்ரீக்கிலும் உறுப்பினர். 2018-இல் பெண்களுக்கான அமெரிக்க ஓப்பன் அங்கே நடந்தபோது அவர்தான் கௌரவத் தலைவர். தாம்ப்சன் அதைப் பார்க்க இல்லை. 2010-இல் 87 வயதில் இறந்துவிட்டார். போட்டிக்கு முன் புயல் மழை கொட்டி மைதானம் சேறானது. கடைசி நாள் தாய்லாந்தின் அரியா ஜுட்டனுகார்ன் ஏழு அடி முன்னிலையைக் கடைசி ஒன்பது குழிகளில் மொத்தமாகத் தொலைத்துவிட்டு, கொரியாவின் கிம் ஹியோ-ஜூவோடு கூடுதல் குழிகள் ஆடி வென்றார். அப்போதும் மலர் போட்டிருப்பார்கள்.